நாஸ்கா பாலைவனத்தில் ஒரு ‘வாரேன்’

பாலைவனத்தைப் பார்க்க இம்புட்டுத் தூரம் போகணுமா என்று என் வீட்டுக்காரி கேட்டாள். நியாயமான கேள்விதான். கோடையில் மதுரை சிம்மக்கல் பக்கம் போய் வைகையை எட்டிப் பார்த்தாலே போதும். மணல் இருக்கும், வெயில் இருக்கும், ஒட்டகத்துக்குப் பதிலா நாலு எருமை இருக்கும். ஆனால் என்னை அனுப்பியது மில் முதலாளி. பெரு நாட்டில் நல்ல நீள இழைப் பருத்தி இருக்காம், போய்ப் பார்த்து வாரும் என்று சொல்லிவிட்டார். நான் நூல் தரகன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவேன், கடைத்தெருவில் தமிழ் பேசுவேன், வரி ஆபீசில் வாயே திறக்க மாட்டேன். ஸ்பானிஷ் பேசுகிற ஊருக்கு என்னை அனுப்ப அவருக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

துணைக்கு வந்தவன் செல்லமுத்து. அதே மில்லில் பஞ்சின் தரம் பார்க்கிற இஞ்சினியர். கொட்டாம்பட்டிப் பக்கம் கிராமம். அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் அடுத்தவங்க வயலில் கூலிக்கு நாத்து நட்டவங்க, இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிக் கடலை போடுகிறார்கள். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை அண்ணே என்பான். மற்றபடி காலையிலிருந்து ராத்திரி வரை சண்டைதான்.

பருத்தி வேலை சீக்கிரம் முடிந்தது. ஊர் திரும்ப விமானத்துக்கு நாள் கிடந்தது. தலைநகர் லிமாவிலேயே ரூமில் படுத்துத் தூங்கலாம் என்று நான் சொன்னேன். செல்லமுத்து கேட்கவில்லை. நாஸ்கா போயே ஆகணும் என்று ஒத்தைக் காலில் நின்றான்.

காரணம் இருந்தது. அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு நாள் வடை மடித்துக் கொடுத்த பத்திரிகைத் தாளில் ஒரு குரங்குப் படம் இருந்ததாம். நாஸ்கா பாலைவனத் தரையில் கீறின குரங்கு. வால் மட்டும் ஜாங்கிரி மாதிரி சுற்றிச் சுற்றி இருக்கும். எவன் கீறினான், எதுக்குக் கீறினான் என்று ஒருத்தருக்கும் தெரியாது, ஆகாசத்தில் இருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும் என்று போட்டிருந்ததாம். மிச்சத்தை எண்ணெய் குடித்துவிட்டது. அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. நாங்கள் கிளம்பும்போது அவங்க அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள், “எம்மகன் அந்தக் கொரங்கப் பாத்துட்டு வந்து சொல்லப்போறான்” என்று. படம் பிடித்து வருகிறேன் என்று இவன் சொன்னதற்கு, “படத்த நாங்கதான் வடைத் தாள்லயே பாத்துட்டோமேடா. நீ கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு” என்றார்களாம். இந்தப் பையனும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

ஆகவே பஸ். பஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன். சீட்டு சாய்கிறது, கால் நீட்டுகிறது, ஒரு பெண்பிள்ளை வந்து ரொட்டி கொடுத்துவிட்டுப் போகிறாள். நம்ம டவுன் பஸ்ஸில் ஒத்தைக் காலில் தொங்கிப் பழகினவனுக்கு அதில் தூக்கமே வரவில்லை. வெளியே பார்த்தால் ஒரு பச்சை இல்லை. செம்மண்ணும் இல்லை, கரிசலும் இல்லை. வறுத்து முறத்தில் கொட்டின மாதிரி ஒரு பழுப்பு, கண்ணுக்கு எட்டின மட்டும். ஒரு ஆடு மேய வழியில்லை. “இங்க மழை எப்ப பெஞ்சுச்சாம்?” என்று கேட்டேன். பக்கத்து சீட்டுக் கிழவரிடம் செல்லமுத்து விசாரித்தான். “எங்க அப்பா ஒரு தடவை பார்த்திருக்கார்” என்றாராம் அவர்.

செல்லமுத்துவிடம் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. வருகிற வழியெல்லாம் அதை உருப்போட்டுக்கொண்டே வந்தான். நான் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை. ஆனாலும் காதில் விழுந்ததை வைத்துச் சொல்கிறேன், அந்த பாஷை மதுரைக்காரனை வம்புக்கு இழுக்கவென்றே செய்த பாஷை. ஆமாம் என்பதற்கு ‘சீ’ என்கிறார்கள். நான் சாப்பாடு இருக்கா என்று சாடை காட்டினால் சீ. ரூம் இருக்கா என்றால் சீ சீ. ஒரு வாரத்தில் ஆம்பிளை பொம்பிளை குழந்தை குட்டி என்று அம்புட்டுப் பேரிடமும் சீ வாங்கிவிட்டேன். என் வீட்டுக்காரிகூட கல்யாணமான நாளாக அத்தனை தரம் சொன்னதில்லை. உருளைக்கிழங்குக்குப் பேர் ‘பாப்பா’. ஓட்டலில் உட்கார்ந்தால் பாப்பா வறுவல், பாப்பா அவியல், பாப்பா மசியல். மனுசன் சாப்பிடுகிற மாதிரியா இருக்கு?

ஆனாலும் பாப்பாவைத்தான் தின்றேன். புரட்டாசி மாசம். பெருமாளுக்காக அந்த ஒரு மாசம் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. கடல் தாண்டினாலும் பெருமாள் பெருமாள்தானே. கறி வேண்டாம் என்று சொல்லச் சொன்னால் கோழி கொண்டுவருகிறார்கள். கோழியும் வேண்டாம் என்றால் மீன் வருகிறது. மீனும் வேண்டாம் என்றதும் அந்த ஓட்டல்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், ஜுரமா என்று. கடைசியில் வெள்ளைச்சோறும் அதன்மேல் வறுத்த உருளைக்கிழங்கும் வந்தது. ஒரு பச்சை மிளகாய்த் துவையல் வைத்திருக்கிறார்கள், அதுதான் என் உயிரைக் காப்பாற்றியது. கிண்ணத்தோடு வழித்து நக்கினேன். செல்லமுத்துவுக்கு மாசமும் கிடையாது, மண்ணும் கிடையாது. எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறப்போட்ட பச்சை மீன், மாட்டு இருதயம் குச்சியில் குத்திச் சுட்டது, அப்புறம் பெருச்சாளி மாதிரி ஒன்று பல்லோடு படுத்திருந்தது, அதையும் விடவில்லை.

நாஸ்காவில் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது என்ன தெரியுமா? ஆட்டோ! மூணு சக்கரம், மேலே துணிக்கூரை, உள்ளே ஏசுநாதர் படம், பின்னால் இரண்டு வரி தத்துவம். நம்ம நாட்டிலேயே செய்து அனுப்பினதாம். அந்தப் பாலைவனத்து ஊரில், சிம்மக்கல்லில் இருந்து ராவோடு ராவாகத் தப்பித்து வந்த மாதிரி வரிசையாக நிற்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். எம்புட்டு என்று கேட்டதும் டிரைவர் அண்ணன் ஆகாசத்தைப் பார்த்தபடி ஒரு தொகை சொன்னார். அந்த ஆகாசம் பார்க்கிற பார்வையும் நம்ம ஊர்ப் பார்வைதான்.

நாங்கள் தங்கினது ஒரு அம்மா நடத்துகிற விடுதி. ரோசா என்று பேர். வாட்டசாட்டமான பொம்பிளை, அதட்டிப் பேசுவார்கள். சாயங்காலம் ஊர் சுற்றக் கிளம்பும்போது நான் செல்லமுத்துவிடம், “போயிட்டு வாரேன்னு இவங்க பாஷையில எப்படிறா சொல்றது?” என்றேன். போறேன் என்று சொல்லிவிட்டு வாசல்படி இறங்குகிற வழக்கம் நமக்குக் கிடையாதே. அபசகுனம். எமன் கூட அப்படிச் சொல்லிவிட்டுப் போக மாட்டான். செல்லமுத்து புத்தகத்தைப் புரட்டி, “யா பெங்கோ” என்றான். வாரேன் என்று அர்த்தமாம். அப்பாடா, ஒரு நல்ல வார்த்தை கிடைத்தது என்று ரோசா அம்மாவிடம் கும்பிடு போட்டு யா பெங்கோ சொல்லிவிட்டுப் போனேன்.

ஊரைச் சுற்றி, ஐஸ்கிரீம் தின்று, மைதானத்தில் பயல்கள் பந்தாடியதை முழுசாகப் பார்த்துவிட்டுத் திரும்பினால், ரோசா அம்மா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சூப் ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடக்கிறது. என்னைப் பார்த்துப் பொரிந்து தள்ளினார்கள். எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை, சிரித்து வைத்தேன். செல்லமுத்து மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினான். பிற்பாடுதான் எனக்குத் தெரிந்த விஷயம் இது: யா பெங்கோ என்றால் அந்த ஊரில் ‘இதோ, உடனே வந்துட்டேன்’ என்று அர்த்தம். கொல்லைப்பக்கம் போகிறவன் சொல்கிற சொல்லாம். அன்றைக்கே அவனுக்கு இது புரிந்துவிட்டது. எனக்குச் சொல்லவில்லை, படுபாவி.

மறுநாள் காலையில் விமான தளம். அன்று மத்தியானம் லிமாவுக்கு பஸ், அதை விட்டால் ஊர் போகிற விமானத்தையும் விட வேண்டியதுதான். அதனால் செல்லமுத்து குரங்கைப் பார்ப்பதானால் அந்தக் காலைதான். அவன் குளித்து, திருநீறு பூசி, புதுச் சட்டை போட்டு, சந்தோஷத்தில் ரோசா அம்மா கொடுத்த வறுத்த பன்றிக்கறி ரொட்டியை ஒன்றுக்கு மூன்றாக அடித்துவிட்டு வந்தான். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. பயம்.

பயப்படாமல் என்ன செய்ய? நாங்கள் மதுரையில் இருந்து வந்த பெரிய விமானம் வேறு. அது ரெக்கை கட்டின கல்யாண மண்டபம், பத்திரமாக இருக்கும். இங்கே நின்றதோ ஷேர் ஆட்டோவுக்கு ரெக்கை ஒட்டின மாதிரி ஒன்று. கதவை அந்த பைலட் டொம்மென்று அடித்துச் சாத்துகிறார், அது சாத்திக்கொள்ளவில்லை, மறுபடி அடிக்கிறார். அதையும் பார்த்தேன்.

ஏறுவதற்கு முன்னால் எல்லாரையும் எடை போட்டார்கள். எங்களோடு ஒரு ஜெர்மன்காரரும் அவர் சம்சாரமும். அவர் பனைமரத்துக்குப் பேன்ட் போட்ட மாதிரி இருந்தார். தராசில் ஏறினதும் முள் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. அடுத்து நான். என் உடம்பைப் பற்றி நானே சொல்லக்கூடாது, நூல் வியாபாரத்தில் உட்கார்ந்த இடத்து வேலை. முள் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு ஒரே சந்தோஷம், கை தட்டினாள். அவள் சொன்னதைச் செல்லமுத்து தமிழில் சொன்னான்: “ஜெர்மன்காரருக்கு ஈடா இன்னொரு பக்கம் ஒரு ஆள் வேணுமாம், இல்லேன்னா பிளேன் சாயுமாம். நீங்க இருக்கவும் சரியாப்போச்சாம்.”

“அப்ப நான் எடைக்கல்லா?”

“ஆமாண்ணே. நீங்க ஏறலேன்னா யாரும் போக முடியாது.”

சிம்மக்கல் மொத்தக் கடைகளில் எடைக்கல்லை நான் பார்த்திருக்கிறேன். தூக்கி டொப்பென்று போடுவான். பனிமூட்டம் விலகட்டும் என்று எல்லாரும் பெஞ்சில் காத்திருந்தோம். மூட்டம் விலக விலக எனக்கு உயிர் விலகியது. விலகியாச்சு, வாங்க என்று பைலட் விசில் அடித்தார். மற்ற மூவரும் எழுந்து விமானத்தை நோக்கி நடந்தார்கள். நான் மெதுவாக எதிர்த்திசையில் நடந்தேன். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். செல்லமுத்து கோபப்படுவான், ரெண்டு நாள் பேச மாட்டான், அப்புறம் சரியாகிவிடும்.

ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. சொல்லாமல் கொள்ளாமல் போகக் கூடாது. கவுன்ட்டர்ப் பெண்ணிடம் கும்பிடு போட்டு, எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வார்த்தையைச் சொன்னேன்.

“யா பெங்கோ.”

“சீ, சீ” என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. நான் ரோட்டைத் தாண்டி எதிர்த்த பெட்டிக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். கருஞ்சோளத்தை அவித்து, பட்டை கிராம்பு போட்டு ஒரு பானம் வைத்திருந்தார்கள், கத்தரிப்பூ நிறத்தில். நன்னாரி சர்பத்தும் கஷாயமும் கல்யாணம் பண்ணிக்கொண்ட ருசி. நிம்மதியாகக் குடித்தேன். பிளேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஆனால் மேலே ஒன்றையும் காணோம். சத்தம் மட்டும் அதே இடத்தில் உறுமிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு கிளாஸ் வாங்கினேன். இன்னும் உறுமுகிறது.

அப்போது ஒரு ஆட்டோ பறந்து வந்து என் முன்னால் பிரேக் போட்டது. உள்ளேயிருந்து கவுன்ட்டர்ப் பெண் இறங்கினாள், செல்லமுத்து இறங்கினான். ஜெர்மன்காரர் இறங்க முடியாமல் உள்ளேயே மடங்கிக் கிடந்தார்.

“என்னண்ணே, வாரேன்னு சொல்லிட்டு வந்தீங்களாமே? காத்தாடியச் சுத்த விட்டுட்டு அம்புட்டுப் பேரும் காத்துக் கெடக்கோம்!”

“டேய், வாரேன்னா போறேன்னு அர்த்தம்டா!”

“அது நம்மூர்ல.”

“பின்ன எந்தூர்ல? நான் நம்மூர்க்காரன்தான?”

“போறேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கல்ல? ஏன் சொல்லல?”

“பிளேன் ஏறப்போற எடத்துல எவனாச்சும் போறேன்னு சொல்லுவானா? வெளங்குமாடா?”

செல்லமுத்து ஊரிலும் அதுதான் வழக்கம். அவன் அந்தக் கடை வாசலில், வெயிலில், என் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான்.

“எங்கம்மா கேப்பாங்கண்ணே” என்றான். “கொரங்கு எப்படிறா இருந்துச்சுன்னு மொதக் கேள்வியே அதான் கேப்பாங்க. தெருவே உக்காந்திருக்கும். நான் என்னன்னு சொல்ல?”

அவன் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அதில் எனக்கு அனுபவம் உண்டு. இப்படிப் பேசினால் என்ன செய்வது? கவுன்ட்டர்ப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கெஞ்சினாள். ஜெர்மன்காரர் ஆட்டோவுக்குள் இருந்து ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினார். சர்பத்தை வைத்துவிட்டு எழுந்தேன். எடைக்கல்லை ஏற்றிக்கொண்டு ஆட்டோ திரும்பியது.

விமானத்துக்குள் போனதும் பெல்ட்டைப் போட்டு, காதில் ஒரு மாட்டியை மாட்டி, மடியில் ஆளுக்கொரு காகிதப் பை கொடுத்தார்கள். பொங்கலுக்குக் கொடுக்கிற பை என்று நினைத்தேன், வாந்திக்காம். விமானம் ஓடியது, குதித்தது, ஏறிவிட்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு சாமியைக் கூப்பிட்டேன். பயத்தில் வாயில் தமிழே வரவில்லை, வீட்டு பாஷைதான் வந்தது. சௌராஷ்டிரத்தில் பெருமாளிடம் சத்தமாக ஒரு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பைலட் திரும்பிப் பார்த்து ஸ்பானிஷில் ஏதோ பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் மனசு ஆறுதலாகிவிட்டது.

“ரெக்கைக்குக் கீழ பாருங்க! திமிங்கிலம்!” என்று காதுக்குள் ஒரு குரல் இங்கிலீஷில் கத்தியது. விமானம் அப்படியே ஒருக்களித்துப் படுத்தது. நான் ஜன்னல்மேல் விழுந்தேன். விழுந்த வேகத்தில் கண் திறந்துவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதுவரை அந்தப் படங்களைப் பற்றி ஒரு மண்ணும் நினைத்ததில்லை. மேலாகக் கிடந்த கருங்கல் சல்லியை விலக்கி, அடியில் இருக்கிற வெளுத்த மண்ணைக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வேலை. ஆனால் கீழே ஒரு முழு வயக்காடு பரப்புக்குத் திமிங்கிலம் கிடக்கிறது! அடுத்து ஒரு மலைச்சரிவில் ஆந்தைக் கண்ணோடு ஒருத்தன் கையைத் தூக்கி நிற்கிறான், ‘என்ன மாப்ள, சௌக்கியமா’ என்று கேட்கிற மாதிரி. ஒரு சிலந்தி. தேன்சிட்டு ஒன்று, மூக்கு மட்டும் அம்மாடி எம்மாம் நீளம். அப்புறம் குரங்கு! நிஜமாகவே வாலை ஜாங்கிரி சுற்றியிருக்கிறார்கள். எங்கே ஆரம்பித்தான், எங்கே முடித்தான் என்று கோட்டைக் கண்ணாலேயே தொடர்ந்து போனேன். எங்கள் தெருவில் மார்கழிக்கு விடிகாலையில் போடுகிற சிக்குக்கோலம்தான், கையை எடுக்காமல் ஒரே இழை. என்ன, புள்ளி வைக்கவில்லை. எனக்குப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஜன்னலில் மூக்கை அழுத்தி, “மாப்ள! கொரங்குடா! உன் கொரங்குடா! கையப் பாரு, ஒண்ணுல நாலு வெரல்தான் போட்டிருக்கான்!” என்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்தேன்.

செல்லமுத்து பைக்குள் இருந்தான். தலை முழுசாக உள்ளே. மூன்று பன்றிக்கறி ரொட்டியும் ஒவ்வொன்றாக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. விமானம் இந்தப் பக்கம் சாய்ந்தால் ஒரு தரம், அந்தப் பக்கம் சாய்ந்தால் ஒரு தரம். “பாருடா, கீழ பாருடா!” என்று முதுகைத் தட்டினேன். தலையைத் தூக்கினான், கண்ணைத் திறந்தான், குரங்கின் பக்கம் முகத்தைக் கொண்டுபோனான், மறுபடி பைக்குள் போய்விட்டான். அவன் பை நிறைந்ததும் என் பையைக் கொடுத்தேன். இறங்குகிற வரைக்கும் அதுதான் அவனுக்கு நாஸ்கா. கேமராவை என் கையில் திணித்தான், நான் அதைப் பிடித்து அழுத்தோ அழுத்தென்று அழுத்தினேன். பிற்பாடு டவுன்ஹால் ரோட்டில் பிலிமைக் கழுவிப் பார்த்தபோது ரெக்கையும் ஜெர்மன்காரர் காதும் அருமையாக விழுந்திருந்தன.

இன்னொரு தரம் போகலாமா என்று கேட்டுப் பார்த்தோம். அன்றைக்கு இடம் இல்லை என்று கை விரித்துவிட்டார்கள். ரோசா அம்மா அவனுக்கு ஏதோ இலை போட்ட டீ கொடுத்து பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் போகிற ரோடே அந்தப் படங்களுக்கு நடுவில்தான் போகிறது. எந்த மகானுபாவனோ படம் இருப்பது தெரியாமல் ஒரு பல்லியின் வாலை வெட்டி ரோடு போட்டிருக்கிறானாம். நம்ம மேல் பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தில் பலன் போட்டிருக்கிறது. பல்லி மேல் பஸ்ஸோடு நாம் ஏறினால் என்ன பலன் என்று செல்லமுத்துவிடம் கேட்டேன். சிரிப்பான் என்று பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தான். வெளியே வெறும் கல். தரையில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

“இம்புட்டுத் தூரம் வந்தும் பாக்கலண்ணே” என்றான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முப்பது வயசுப் பையன். எனக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது.

“போடா கிறுக்குப்பயலே, நான் பாத்தேன்ல? கேளு” என்று ஆரம்பித்தேன். லிமா வரைக்கும் வாய் ஓயவில்லை. திமிங்கிலத்துக்கு வாய் எந்தப் பக்கம், சிலந்திக்கு எந்தக் கால் மட்டும் நீளம், குரங்கு வால் உள்ளே இருந்து வெளியே சுற்றுகிறதா வெளியே இருந்து உள்ளேயா என்று அவன் கேட்டுக்கொண்டே வந்தான். நான் முன்சீட்டின் முதுகில் விரலால் கீறிக் கீறிக் காட்டினேன். அந்த சீட்டில் இருந்த அம்மா திரும்பி முறைத்தார்கள். யா பெங்கோ என்று சொல்லி வைத்தேன். வேறு என்ன சொல்ல, எனக்குத் தெரிந்ததே அதுதானே.

ஊர் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, கொட்டாம்பட்டிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். தனியாகப் போக அவனுக்குத் தைரியம் இல்லை. அவன் சொன்னது சரிதான், தெருவே கூடியிருந்தது. கட்டிலில், திட்டில், டிராக்டர் டயரில் என்று உட்கார இடமில்லை. அவங்க அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி முன்னால் வந்து முதல் கேள்வியாக, “கொரங்கு எப்படிறா இருந்துச்சு?” என்றார்கள்.

செல்லமுத்து என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் ஒரு குச்சியை எடுத்து வாசல் மண்ணில் இழுக்க ஆரம்பித்தான். அடேயப்பா! முதலில் வால், உள்ளே இருந்து வெளியே. அதிலிருந்து முதுகு, தலை, கை. ஒரு கையில் நாலு விரல். “பிளேன் இப்படிப் படுக்குது, ஜன்னல் வழியாக் கீழ பாத்தா, ஆத்தாடி, காடு அம்புட்டும் கொரங்கு!” என்று உடம்பைச் சாய்த்துக் காட்டுகிறான். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னான். ஒரு இடத்தில் நானே முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டேன். அவங்க அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குரங்கைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், கால் படாமல்.

அப்போது டயரில் இருந்த ஒரு அண்ணன், அவர்தான் அந்தத் தெருவில் எல்லாவற்றிலும் ஓட்டை பார்க்கிறவர் போலிருக்கிறது, “ஏம்ப்பா, பிளேன் அப்படியும் இப்படியும் கவுந்துச்சுங்கற. கொடலப் பொரட்டியிருக்குமே. வாந்தி கீந்தி எடுக்காமயா இம்புட்டையும் பாத்த?” என்றார்.

தெரு மொத்தமும் செல்லமுத்துவைப் பார்த்தது. அவன் காது சிவந்துவிட்டது. குச்சி கையில் அப்படியே நிற்கிறது.

“எடுத்துச்சுங்க” என்றேன் நான். “எனக்குத்தான். ஏறுனதுல இருந்து எறங்குற வரைக்கும் தலையத் தூக்கல. நான் ஒண்ணையும் பாக்கலங்க. பாத்ததெல்லாம் உங்க செல்லமுத்துதான்.”

சிரிப்பு கொட்டாம்பட்டி ரோட்டுக்கே கேட்டிருக்கும். சிம்மக்கல்லில் எனக்கென்று இருக்கிற மதிப்பு இங்கே யாருக்குத் தெரியும், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவங்க அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார்கள். “அடப் பாவமே, இன்னும் மூஞ்சி தெளியலயே தம்பி” என்று உள்ளே போய், சுக்கும் மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சின கஷாயத்தை ஒரு பெரிய டம்ளர் நிறையக் கொண்டுவந்து நீட்டினார்கள். ஊரே பார்க்கிறது. குடித்தேன். தொண்டை, நெஞ்சு, வயிறு என்று வரிசையாகப் பற்றிக்கொண்டது.

காலி டம்ளரைக் கொடுத்துவிட்டுச் செல்லமுத்துவைப் பார்த்தேன். கண் கலங்கியிருக்கும், நன்றியாக ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தேன். அவனோ குரங்குக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, குச்சியை என் பக்கம் நீட்டிச் சொன்னான்:

“அண்ணனுக்கு ஒரு பை பத்தலம்மா. என் பையையும் நாந்தான் குடுத்தேன்.”

“அய்யோ, அப்ப ஒரு டம்ளர் காணாதே!” என்று அந்த மகராசி உள்ளே ஓடினார்கள்.